சிதைந்த அட்டவணையும் செப்பனிடும் நெறியும்

முன்னுரை

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த பெருமக்களின் பணியை வகுப்பறையில் விளக்கும்போது, செல்லரித்த ஓலைகளையும் ஒடிந்த ஏடுகளையும் பற்றிப் பேசுகிறோம். இன்று நம் எழுத்து ஓலையில் இல்லை. பெரும்பகுதி தாளிலும் இல்லை. நூலகப் பட்டியல், மாணவர் மதிப்பெண், ஆய்வாளர் திரட்டும் சொற்கள், ஊர்ப்பொதுக் கணக்கு ஆகிய யாவும் கணிப்பொறியில் தரவுத்தளம் என்னும் அமைப்பினுள் அட்டவணைகளாக உறைகின்றன. ஓலைக்குச் செல் பகை என்றால், இவ்வட்டவணைகளுக்கும் பகை உண்டு. மின்தடை, பழுதுற்ற வன்தட்டு, இடமின்மை, மனிதரின் அவசரம் என்பன அவற்றுள் தலையாயவை.

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறிப் பழுதுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சிதைந்த சுவடியை எதிர்கொள்ளும் பதிப்பாசிரியனும் சிதைந்த அட்டவணையை எதிர்கொள்ளும் கணிப்பொறியாளனும் பின்பற்ற வேண்டிய நெறி ஒன்றே என்பதை நான் சொந்த அனுபவத்தில், அதுவும் என் தவற்றினால், கற்றுக்கொண்டேன். அந்நெறியை மாணவர்க்கும் தரவுகளைப் பேணும் பொறுப்பிலுள்ள பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டவணையின் அமைப்பு

நோயை அறியுமுன் உடலை அறிதல் வேண்டும். உலகெங்கும் பரவலாக வழங்கும் தரவுத்தள மென்பொருள்களுள் ஒன்று மை எஸ்.க்யூ.எல். என்பதாகும். இது முதன்முதலில் 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. இம்மென்பொருள் அட்டவணைகளைச் சேமிப்பதற்குப் பல முறைகளைக் கையாள்கிறது. அவற்றுள் மை ஐசாம் என்பது நெடுங்காலம் இயல்பு முறையாக இருந்தது. 2010ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான 5.5ஆம் பதிப்பு முதல் இன்னோ டி.பி. என்னும் முறை அவ்விடத்தைப் பெற்றது. எனினும் பழைய முறையில் அமைந்த அட்டவணைகள் கல்லூரிகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்றும் காணப்படுகின்றன. அமைப்பு எளிமையானதாகையால் பாடம் கற்பதற்கும் அதுவே ஏற்றது.

மை ஐசாம் முறையில் ஓர் அட்டவணை மூன்று கோப்புகளாக வன்தட்டில் அமைகிறது. ஒன்று, அட்டவணையின் பத்திகள் யாவை, அவற்றின் இயல்பு யாது என்று கூறும் வரையறைக் கோப்பு. இரண்டாவது, எம்.ஒய்.டி. என்னும் பின்னொட்டுடைய தரவுக் கோப்பு. நாம் இட்ட செய்திகள் அனைத்தும் வரிசை வரிசையாக இதிலேயே உள்ளன. மூன்றாவது, எம்.ஒய்.ஐ. என்னும் பின்னொட்டுடைய சுட்டுக் கோப்பு. எந்தச் செய்தி எங்கே உள்ளது என்று விரைந்து கண்டறிய உதவுவது இது.

தமிழ் மாணவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். அச்சிட்ட ஒரு பழைய நூலில் மூலம் இருக்கிறது. இறுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கிறது. அகராதிப் பக்கம் கிழிந்துபோனால் பாட்டைத் தேடுவது கடினம். ஆயினும் பாட்டு அழிந்துவிடவில்லை. மூலத்தைப் படித்து அகராதியை மீண்டும் எழுதிக்கொள்ளலாம். மூலத்தின் பக்கமே கிழிந்தாலோ, அகராதி முதலடியை மட்டும் காட்டுமேயன்றிப் பாட்டைத் தராது. சுட்டுக் கோப்பின் பழுதும் தரவுக் கோப்பின் பழுதும் இவ்வாறே தம்முள் வேறுபட்டவை. இவ்வேறுபாட்டை அறிவதே நோயறிதலின் முதற்படி எனலாம்.

எங்கள் துறையில் நேர்ந்தது

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், எங்கள் துறை மாணவர்கள் கடற்கரை ஊர்களின் வட்டாரச் சொற்களைத் திரட்டி வந்தனர். கச்சான், சோழகம் என்னும் காற்றின் பெயர்கள் முதல், வலையின் உறுப்புகள், மீன் வகைகள், படகின் பாகங்கள் ஈறாக அவர்கள் கொணர்ந்த சொற்கள் யாவும் 2007ஆம் ஆண்டு அமைத்த ஒரே அட்டவணையில் இடம்பெற்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் தொடர் எண் உண்டு. பொருள், சொன்னவரின் தொழில், ஊர், நாள் ஆகியவையும் உண்டு. 2011ஆம் ஆண்டில் அதன் எண்ணிக்கை 4,216 ஆயிற்று. அதனை வாரந்தோறும் துறைப் பதிவேட்டில் ஒரு மாணவி குறித்து வைத்திருந்தார். அக்குறிப்பின் அருமை பின்னரே எங்களுக்குப் புலப்பட்டது.

அவ்வாண்டு ஒரு மாலையில் எல்லாச் சொற்களுக்கும் கூடுதல் விளக்கம் சேர்க்கும் கட்டளை ஒன்றை இயக்கினோம். பாதியில் மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். கருவியின் மின்கலம் முதுமையுற்றிருந்தமையால் கணிப்பொறியும் உடனே அணைந்தது. மறுநாட் காலையில் அட்டவணையைத் திறந்தபோது, அது சிதைவுற்றதாகக் குறிக்கப்பட்டுள்ளது, செப்பனிடப்பட வேண்டும் என்னும் பொருள்பட 145ஆம் எண் பிழைச் செய்தி தோன்றியது.

செப்பனிட வேண்டும் என்று கணிப்பொறியே சொல்கிறதே என்று எண்ணி, "போடுங்கள் தம்பி" என்று அருகிலிருந்த மாணவரிடம் சொன்னேன். அவர், "ஒரு நகல் எடுத்துக்கொண்டு போடலாமா சார்?" என்று கேட்டார். நேரமில்லை என்றேன். ரிப்பேர் டேபிள் என்னும் கட்டளை ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. அட்டவணை திறந்தது. மகிழ்ந்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது 3,878 வரிசைகளே இருந்தன. 338 சொற்களைக் காணவில்லை.

அவை எங்ஙனம் மறைந்தன என்பதை அறிதல் வேண்டும். நீளம் மாறும் செய்திகளைக் கொண்ட மை ஐசாம் அட்டவணையில், ஒரு வரிசை முன்னினும் நீண்டுவிட்டால், பழைய இடத்தில் கொள்ளாத பகுதி கோப்பின் வேறோர் இடத்தில் துண்டாக எழுதப்படும். இரு துண்டுகளையும் ஓர் இணைப்பு சேர்த்து வைக்கும். விளக்கம் சேர்த்தபோது எங்கள் வரிசைகள் பலவும் இவ்வாறு துண்டுபட்டன. மின்சாரம் நின்றபோது இணைப்புகள் சில எழுதப்படாமலே போயின. செப்பனிடும் கட்டளை, முழுமையாகத் தொடர்ந்து படிக்க முடிந்த வரிசைகளை மட்டும் எடுத்துப் புதிய தரவுக் கோப்பை உருவாக்கியது. இணைப்பறுந்த துண்டுகளைத் தள்ளிவிட்டது. பின்னர்ப் பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைத்துவிட்டது. கட்டளை தன் கடமையைச் செய்தது. தவறு என்னுடையது. பழைய கோப்பின் நகல் ஒன்று இருந்திருந்தால், இணைப்பறுந்த அத்துண்டுகளில் எழுத்து வடிவிலேயே கிடந்த சொற்களைக் கண்ணால் படித்தேனும் மீட்டிருக்கலாம்.

நோயறிதல்

மேற்கண்ட நிகழ்ச்சி தந்த படிப்பினையை முறைப்படுத்திக் கூறுவோம். அட்டவணை பழுதுற்றதாகச் செய்தி தோன்றியதும் செய்யத்தக்கவை பின்வருமாறு:

முதலாவது, புதிய பதிவுகளை உடனே நிறுத்துதல் வேண்டும். பழுதுற்ற அட்டவணையில் மேலும் எழுதுவது, ஒடிந்த ஏட்டை மீண்டும் மீண்டும் புரட்டுவது போன்றது.

இரண்டாவது, பிழைச் செய்தியையும் அதன் எண்ணையும் அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு குறியைச் சுட்டும். 126 என்பது சுட்டுக் கோப்பின் பழுதையும், 127 என்பது தரவுக் கோப்பின் பழுதையும், 144 என்பது முன்னர்ச் செய்த செப்பமும் தோல்வியுற்றது என்பதையும் குறிக்கும். எண்ணின் பொருளைச் சொல்லும் சிறுகருவி மென்பொருளுடனேயே வருகிறது.

மூன்றாவது, வன்தட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பெரிய வினா ஒன்றுக்கு விடை தேடும்போது மென்பொருள் தற்காலிக அட்டவணைகளை உருவாக்கிக்கொள்ளும். அதற்கு இடம் போதாவிட்டால், சுட்டுக் கோப்புப் பழுது என்ற அதே செய்தி தோன்றக்கூடும். செய்தியில் வரும் பெயர் நம் அட்டவணையின் பெயரா, தற்காலிக இடத்தில் தோன்றிய பெயரா என்று நோக்கினால் உண்மை விளங்கும். பின்னதாயின் அட்டவணைக்கு நோயில்லை. தேவையற்ற கோப்புகளை நீக்கி இடம் உண்டாக்குவதே மருந்தாகும்.

நான்காவது, எழுத்துருக் குழப்பத்தை அட்டவணைச் சிதைவு என்று மயங்காதிருத்தல் வேண்டும். தமிழ்த் தரவுகளைக் கையாள்வோர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். ஒருங்குறியின் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அப்பைட்டுகளை ஐரோப்பிய எழுத்துகள் என்று கருதி மென்பொருள் காட்டுமாயின், தமிழ்ச்சொல் பொருளற்ற அயல் எழுத்துகளின் கூட்டமாகத் தோன்றும். பைட்டுகள் கெடாதவரை, குறியேற்றத்தைத் திருத்தினால் தமிழ் மீளும். ஆனால் சொல் இருந்த இடத்தில் கேள்விக்குறிகளே பதிவாகியிருந்தால், சேமிக்கும்போதே தமிழ் தொலைந்துவிட்டது என்பது பொருள். அதனை அட்டவணைக்குள்ளிருந்து மீட்க இயலாது. வேறு நகலைத்தான் நாட வேண்டும்.

ஐந்தாவது, வன்தட்டின் நலத்தை நோக்குதல் வேண்டும். ஒரே அட்டவணை அடிக்கடி பழுதுற்றால் குற்றம் அட்டவணையில் இல்லாமல் தட்டிலோ நினைவகத்திலோ இருக்கலாம். நோயுற்ற தட்டின்மீதே செப்பனிடுவது மேலும் கேடு விளைக்கும்.

ஆறாவது, செக் டேபிள் என்னும் கட்டளையால் அட்டவணையைச் சோதித்தல் வேண்டும். இதற்கு விரைவான சோதனை முதல் விரிவான சோதனை வரை பல படிகள் உள்ளன. அட்டவணை முறையாக மூடப்படவில்லை என்ற எச்சரிக்கை மட்டும் வந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. சுட்டுக் கோப்பின் தலைப்பகுதியில் அட்டவணை திறந்திருப்பதைக் கணக்கிடும் எண் ஒன்று உண்டு. திடீரென அணைந்தபோது அவ்வெண் திருத்தப்படாமல் நின்றிருக்கலாம். உண்மைச் சிதைவு உண்டா என்பதைச் சோதனையின் ஏனைய முடிவுகளே கூறும்.

செப்பனிடும் முறை

செப்பனிடுதலின் முதல் விதி, மூலத்தைத் தொடாதிருத்தல். தரவுத்தளச் சேவையகத்தை முறைப்படி நிறுத்திவிட்டு, மூன்று கோப்புகளையும் வேறொரு தட்டில் நகலெடுத்து வைத்தல் வேண்டும். அந்நகலை எவரும் திறவாதபடி வைத்து, வேறொரு நகலின்மீதே சிகிச்சை தொடங்க வேண்டும். செப்பனிடும் கட்டளையால் சில சூழல்களில் தரவு இழப்பு நேரக்கூடும் என்று அம்மென்பொருளின் கையேடே எச்சரித்து, முன்னதாக நகலெடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அன்று அந்த ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுத நேர்ந்திராது.

இரண்டாவது விதி, மென்மையான மருந்திலிருந்து தொடங்குதல். செப்பனிடும் கட்டளையில் விரைவு முறை என ஒன்றுண்டு. அது தரவுக் கோப்பைத் தொடாமல் சுட்டுக் கோப்பை மட்டும் புதுக்கும். மூலம் நலமாயிருந்து முதற்குறிப்பு அகராதி மட்டும் கிழிந்த நிலைக்கு இதுவே போதும். ஒரு சொல்லும் இழக்கப்படாது. இது பயன்படாதபோதே, தரவுக் கோப்பையும் படித்துப் புதிதாக எழுதும் இயல்பு முறையை நாட வேண்டும். அதுவும் பயன்படாதபோது, விரைவில் குறைந்ததும் பொறுமையில் மிக்கதுமான பழைய முறையை நாடலாம்.

சேவையகத்தை நிறுத்திவிட்டு இயக்கத்தக்க மை ஐசாம் செக் என்னும் தனிக்கருவியும் உண்டு. பழைய தரவுக் கோப்பைக் காலக்குறிப்புடன் தனியே சேமித்து வைக்குமாறு அதனிடம் கட்டளையிடலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் சேவையகம் அதே அட்டவணையைக் கையாண்டு கொண்டிருக்கும்போது இக்கருவியை இயக்குதல் கூடாது. இருவர் ஒரே ஏட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் நேரும் குழப்பம் நேரும். நலமான அட்டவணையும் சிதையும்.

சுட்டுக் கோப்பின் தலைப்பகுதி முற்றிலும் அழிந்துபோன நிலையில், தரவுக் கோப்பைப் பாதுகாப்பான இடத்திற்கு அகற்றி, வரையறையைக் கொண்டு வெறுமையான அட்டவணை ஒன்றை உருவாக்கி, அதன் தரவுக் கோப்பின் இடத்தில் பழைய தரவுக் கோப்பின் நகலை வைத்துச் செப்பனிடலாம். இங்கும் நகலை வைக்க வேண்டுமேயன்றி மூலத்தை வைத்தல் கூடாது. வரையறையே அழிந்துபோனாலோ, முன்பு எடுத்த காப்பு நகலிலிருந்துதான் அதனைப் பெற வேண்டும்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. செப்பனிடும்போதே மின்சாரம் நின்று சேவையகம் அணைந்துவிட்டால், மீண்டும் இயக்கியதும் வேறெந்தச் செயலையும் அவ்வட்டவணையில் செய்யாமல், செப்பனிடும் கட்டளையையே முதலில் மறுபடி இடுதல் வேண்டும்.

இன்னோ டி.பி. முறையில்

இன்னோ டி.பி. முறையில் நிலை வேறு. அதில் தரவுகள் இயல்பாகப் பதினாறு கிலோபைட்டு அளவுள்ள பக்கங்களாக அமைகின்றன. ஒவ்வொரு பக்கத்திற்கும் சரிபார்ப்புத் தொகை ஒன்று உண்டு. செய்யும் மாற்றங்களைத் தனிக் குறிப்பேடு ஒன்றில் முன்கூட்டியே எழுதிக்கொள்வதால், திடீரென அணைந்தாலும் மீண்டும் தொடங்கும்போது அக்குறிப்பேட்டைப் படித்துத் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும். எனவே எங்கள் துறையில் நேர்ந்ததைப் போன்ற மின்தடையினால் இம்முறையில் அட்டவணை சிதைவது அரிது.

அரிதாயினும், வன்தட்டுப் பழுது முதலியவற்றால் சிதைவு நேரும்போது மருந்து கடுமையாகிவிடும். ரிப்பேர் டேபிள் கட்டளை இதற்குப் பொருந்தாது. கட்டாய மீட்பு என்னும் அமைப்பு ஒன்று முதல் ஆறு வரை படிகளைக் கொண்டது. ஒன்றில் தொடங்கி, சேவையகம் இயங்கத் தொடங்கும் படியோடு நின்றுவிட வேண்டும். நான்காம் படியும் அதற்கு மேற்பட்டவையும் தரவுக் கோப்புகளுக்கு நிலையான கேடு விளைவிக்கக்கூடியவை. இவ்வமைப்பின் நோக்கம், எஞ்சியதை வெளியே எடுத்தலேயாகும். அதே நிலையில் அன்றாடப் பணியைத் தொடர்வதன்று. மை எஸ்.க்யூ.எல். டம்ப் என்னும் கருவியால் தரவுகளை வெளிக்கொணர்ந்து, புதிய தரவுத்தளம் அமைத்து, அதில் அவற்றை இடுதல் வேண்டும்.

சரிபார்த்தலும் இடைவெளியைக் குறித்தலும்

அட்டவணை திறந்துவிட்டது என்பதனால் பணி முடிந்துவிடவில்லை. திறத்தல் வேறு, முழுமை வேறு. எண்ணிக்கையைச் சரிபார்த்தல், தொடர் எண்களில் விடுபட்டவற்றைக் காணுதல், சில வரிசைகளை எடுத்து மூல ஆவணத்துடன் ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

நாங்கள் வரிசைகளை நீக்கும் வழக்கம் இல்லாதவர்களாகையால், விடுபட்ட எண்களே இழந்த சொற்களைக் காட்டிக்கொடுத்தன. முதல் 3,050 சொற்கள் வரை கொண்ட பழைய காப்பு நகல் ஒன்று ஒரு குறுவட்டில் கிடைத்தது. அதிலிருந்து 191 சொற்களை மீட்டோம். எஞ்சிய 147 சொற்களுக்காக மாணவர்களின் களப்பணிக் குறிப்பேடுகளைத் தேடினோம். படிப்பை முடித்துச் சென்றோரின் வீடுகளுக்கும் கடிதம் எழுதினோம். ஒரு மாணவியின் தாயார் பரணிலிருந்து எடுத்து அனுப்பிய குறிப்பேடு ஒன்றில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட சொற்கள் கிடைத்தன. இவ்வாறு 124 சொற்கள் மீண்டன.

எஞ்சியவை 23. அவை படகு கட்டும் ஓடாவி ஒருவர் சொன்ன சொற்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து நேரே கணிப்பொறியில் ஏற்றிய மாணவர், கைப்பேசியில் இடம் வேண்டி ஒலிப்பதிவை அழித்துவிட்டிருந்தார். ஓடாவியாரைத் தேடிச் சென்றபோது அவர் காலமாகி நான்கு மாதங்களாகியிருந்தன. அவருடைய மகனிடம் கேட்டோம். "வாப்பா இருந்தா கேட்டுச் சொல்லியிருப்பேன் சார். எனக்கு ஃபைபர் படகு வேலைதான் தெரியும். மரவேலைப் பேரெல்லாம் அவரோட போச்சு" என்றார். தேநீர் தந்து அனுப்பினார். திரும்பி வரும் வழியில் எங்களுள் எவரும் பேசவில்லை.

அந்த 23 எண்களையும் என்ன செய்வது என்னும் வினா எழுந்தது. எண்களை வரிசைப்படுத்தி இடைவெளியே தெரியாமல் செய்துவிடலாம் என்று ஒருவர் கூறினார். அகராதிகளில் உள்ள படகுச் சொற்களைக் கொண்டு நிரப்பலாம் என்று மற்றொருவர் கூறினார். இரண்டையும் மறுத்தோம். இதற்கு வழிகாட்டியவர்கள் நம் பதிப்பாசிரியர்களே. 1894ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாடல்களைக் கொண்ட அத்தொகையில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. பின்வந்த பாடல்களை முன்னுக்கு நகர்த்தவில்லை. சிதைந்த அடிகள் புள்ளியிட்டுக் காட்டப்பட்டன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. நாம் இன்றும் இரண்டாம் பத்திலிருந்தே தொடங்குகிறோம். இழப்பை இழப்பென்றே காட்டியதனால்தான், எஞ்சியதை நாம் ஐயமின்றி நம்புகிறோம்.

ஆகவே அந்த 23 வரிசைகளிலும் தொடர் எண்ணையும் தொழிலையும் மட்டும் இட்டு, "சிதைந்தது, மீட்கப்படவில்லை" என்று எழுதினோம். மீண்ட 315 சொற்களுக்கும் அவை எந்த மூலத்திலிருந்து மீண்டன என்பதைத் தனிப் பத்தியில் குறித்தோம். மீட்கப்பட்ட தரவின் வரலாறும் தரவின் ஒரு பகுதியே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

வருமுன் காத்தல்

ஒரு நூல் தன் சொந்தச் சுவடியில் அழிந்தும் பிறிதோரிடத்தில் பிழைத்திருக்கும் என்பதற்கு நம் இலக்கியத்தில் நல்ல சான்று உண்டு. இசுலாமியத் தமிழ் இலக்கியங்களுள் பழமையானதாகக் கருதப்படும் பல்சந்தமாலை முழுமையாகக் கிடைக்கவில்லை. களவியற்காரிகை உரையில் மேற்கோளாக எடுத்தாளப்பட்ட எட்டுப் பாடல்களே நமக்குக் கிடைத்துள்ளன. உரையாசிரியர் மேற்கோள் காட்டாதிருந்தால் அந்த எட்டும் இல்லை. வேறோர் இடத்தில் ஒரு நகல் இருப்பதன் அருமையை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது.

ஆனால் மேற்கோளாகத் தப்பிப் பிழைப்பது நற்பேறு. முறையாக நகலெடுப்பதே பொறுப்பு. எங்கள் துறையில் அன்று முதல் பின்பற்றும் வழக்கங்களை இங்குத் தருகிறேன். நாள்தோறும் மாலையில் தரவுத்தளம் முழுவதையும் எழுத்துக் கோப்பாக வெளிக்கொணர்ந்து சேமிக்கிறோம். வாரத்திற்கு ஒருமுறை அதன் நகல் கல்லூரிக்கு வெளியே வேறொரு கட்டடத்திற்குச் செல்கிறது. பழைய நகலின்மீதே புதிய நகலை எழுதாமல், பல நாட்களின் நகல்களைத் தனித்தனியே வைக்கிறோம். சிதைவு சில நாள் கழித்தே கண்ணிற்படுமாயின் சிதையாத பழைய நகல் அப்போது தேவைப்படும். இரு தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு தட்டுப் பழுதுக்கு உதவும். ஆயினும் அது காப்பு நகலாகாது. ஒரு தட்டில் நேர்ந்த தவறான அழிப்பு மறு தட்டிலும் அந்நொடியே நேர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் தலையாயது, எடுத்த நகலைத் திரும்ப இட்டுப் பார்த்தல். பருவத்திற்கு ஒருமுறை மாணவர் ஒருவர் வெறுமையான கணிப்பொறி ஒன்றில் காப்பு நகலைக் கொண்டு அட்டவணையை மீண்டும் எழுப்பி, எண்ணிக்கையைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுக் கையொப்பமிடுகிறார். திறந்து பார்க்காத நகல் இருக்கிறதா இல்லையா என்பதே உறுதியில்லாத நகலாகும். அட்டவணைகளையும் இன்னோ டி.பி. முறைக்கு மாற்றிவிட்டோம். யு.பி.எஸ். மின்கலத்தை எப்போது மாற்ற வேண்டும் என்பதும் பதிவேட்டில் நாளிட்டு எழுதப்பட்டுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சிதைந்த அட்டவணையை மீட்கும் நெறி நான்கு படிகளில் அடங்கும். எழுதுவதை நிறுத்துக, மூலத்தை நகலெடுத்து ஒதுக்குக, நோயை அறிந்து மென்மையான மருந்திலிருந்து தொடங்குக, மீண்டதைச் சரிபார்த்து, மீளாததை மறையாது குறிக்க. இவற்றுள் மூன்று படிகளை நாங்கள் அன்றும் செய்திருக்கலாம். ஒன்றை விட்டதனால்தான் 23 சொற்கள் போயின. நகலெடுக்கப் பத்து நிமிடங்கள் ஆகியிருக்கும்.

கணிப்பொறி பயிலும் மாணவர்கள் இதனைத் தொழிலாகக் கற்கலாம். தமிழ் பயிலும் மாணவர்களுக்கோ இது முன்னோர் காட்டிய பதிப்பு நெறியின் தொடர்ச்சி. பள்ளிவாசல் கணக்கு, ஊர்ச் சங்கப் பதிவேடு, குடும்ப வரலாறு முதலியவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருக்கும் பெரியோர்களும், இம்மலரைப் படித்து முடித்ததும் தங்களிடம் இன்னொரு நகல் உள்ளதா, அது எங்கே உள்ளது, அது திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன். அன்று நகல் எடுக்கலாமா என்று கேட்ட அம்மாணவர் இன்று வேறொரு கல்லூரியில் கணிப்பொறி ஆசிரியராகப் பணியாற்றுகிறார். அவர் கேட்ட கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்க்கு நான் சொல்லிவருகிறேன். அதற்கு நான் அளித்த விடையையும் சேர்த்தே சொல்கிறேன்.